நல்லவர் ஃபோல்டரில் ஓர் இளைத்த குதிரை

டைம்கீப்பர், வீட்டில் யாருடனும் முகம்கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. சரியாகச் சொல்வதானால், அவருடன் யாரும் முகம்கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. அவராகப் பேசாமல் இருந்தால் கோபம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். மற்றவர்கள் பேசாமல் இருந்ததற்கு அந்த வீட்டில் யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் தண்டனை என்றுதான் வைத்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தில் காலமெல்லாம் விசில் ஊதி வண்டிகளை அனுப்பிவைத்த மனிதர் அவர். கொஞ்சம் தாமதமாக வரும் டிரைவரை, "வாங்க மாப்பிள்ளை, பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காங்க" என்று பயணிகள் முன்னால் வரவேற்றே பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. பெற்ற பிள்ளைகளே வெளியாரிடம் பேசும்போது "எங்க டைம்கீப்பர்" என்றுதான் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர், போன வாரம், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டார்.

கொட்டுகிற மழையில் பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு வாண்டு நின்றிருந்தாள். வாட்ச்மேன் போன் செய்ததும், டைம்கீப்பரின் மகன் பெரியவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி, மகளை வாரிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிறகு தாத்தாவைத் தேடினார்கள். பேருந்து நிலையத்தில், நனையாத ஒரு பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து, வண்டிகள் புறப்படுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்டா" என்றார்.

"யாரு, நீங்களா? மறந்தீங்களா?" என்றான் பெரியவன்.

அவன் அப்படிக் கேட்டதற்கு முன்கதை உண்டு. அண்ணி, அதாவது பெரியவனின் மனைவி, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, வாண்டுவைக் கூட்டிவரும் பொறுப்பு தாத்தாவின் தலையில் விழுந்தது. முதல் நாளே அவர், "நான் என்ன பள்ளிக்கூட ஆயாவா?" என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு ஒழுங்காகத்தான் போய்வந்தார். ஆனால் குடும்பத்தில் சொன்ன வார்த்தை எதுவும் வீணாவதில்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ள எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அண்ணி மட்டும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "மாமாவுக்கு என்னமோ சரியில்லைங்க. காலையில பல் தேய்ச்சுட்டு, மறுபடி வந்து பல் தேய்க்கிறாரு."

"சுத்தமா இருக்காரு. அதுவும் தப்பா?" என்றான் பெரியவன்.

கடைசியில் தீர்ப்பு சொன்னது சின்னவள். பெரியவனின் தங்கை. மூளை ஸ்கேன்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை. அந்த வீட்டில் மூளை சம்பந்தமாக அவள் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"அப்பா மூளையை நானே பாத்திருக்கேன்ணா. போன வருஷம் எங்க ஆராய்ச்சிக்கு ஸ்கேன் எடுத்தோமே. அவ்வளவு அழகா இருக்கு. ஒரு குறையும் கிடையாது."

டைம்கீப்பர் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மகளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் பெரியவன் சொல்லக் கூடாததையெல்லாம் கதவுக்கு வெளியே நின்று சொன்னான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டதாக அண்ணியிடம் சொன்னார் டைம்கீப்பர். சாமான் ஏற்ற வண்டி வருவது இன்று மாலை.

காலையில் சின்னவள் வேலைக்குக் கிளம்பும்போது, அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போச்சுப்பா. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"நீ கிளம்பும்மா. பஸ் போயிடும்."

சின்னவள் கிளம்பினாள். ஆபீசில் முக்கியமான நாள். அப்பாவின் பிடிவாதத்தைச் சாயந்தரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

*

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் சின்னவள், "சலூன் வேலை மாதிரிதான். நான் கொஞ்சம் ஆழமா வெட்டுவேன்" என்பாள்.

பொய் இல்லை. ஸ்கேன் செய்யும் இடத்திலிருந்து தலைகள் ஃபைல்களாக வந்து சேரும். முதலில் பெயரை எடுத்துவிட்டு ஓர் எண் கொடுக்க வேண்டும். ஆளை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி முகத்தை வழித்தெடுக்க வேண்டும். மண்டையோட்டை உரிக்க வேண்டும். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு திசையில் இருக்கும். ஒன்று கூரையைப் பார்க்கும், ஒன்று அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க நிறுத்துவதுபோல எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கவைக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் குதிரை.

மூளைக்குள், நினைவைச் சேர்த்துவைக்கிற சின்னப் பகுதி ஒன்று, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக, கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் குதிரை என்றே சொல்வார்கள். சாஃப்ட்வேர் அந்தக் குதிரையைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுக்கும். கோடு எங்கேயாவது வழிந்திருந்தால், மனிதர் கண்ணால் பார்த்து, மவுஸைப் பிடித்துத் திருத்த வேண்டும். திருத்திய குதிரையின் மேல்தோல் முழுக்க, எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவில் ஒரே வரிசையில் புள்ளிகள் வைக்க வேண்டும். அப்போதுதான் இவருடைய மூக்குப் புள்ளியை அவருடைய மூக்குப் புள்ளியோடு வைத்துப் பார்க்க முடியும். மறதி நோய் வந்தவர்கள் ஒரு கூட்டம், ஆரோக்கியமானவர்கள் ஒரு கூட்டம். முதல் கூட்டத்தின் குதிரை எந்த இடத்தில் இளைக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இத்தனை சலூன் வேலையும்.

அவளுடன் வேலை பார்ப்பவனுக்குக் கோணல் என்று பெயர். எந்த ஃபைலைத் திறந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது, "கோணலா இருக்கே" என்பது. இரண்டு கூட்டத்தையும் போட்டுவைத்த ஃபோல்டர்களுக்கு 'நல்லவர்', 'மறந்தவர்' என்று பெயர் சூட்டியவனும் அவனே.

கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற கட்டம் நெருங்கியதும், ஆராய்ச்சியை நடத்தும் புரொபசரம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"கையால திருத்தறப்போ, அது எந்த ஃபோல்டர்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோணல் சின்னவளைப் பார்த்தான். சின்னவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"திருத்தி முடிச்ச பிறகு இல்ல பிரிக்கணும்! இவர் நோயாளி, இவர் நோயில்லாதவர்னு தெரிஞ்சுக்கிட்டே கோடு போட்டா, கை எங்க போகும்?"

"கை சாஃப்ட்வேர் சொல்ற இடத்துக்குத்தான் மேடம் போச்சு" என்றான் கோணல்.

"சாஃப்ட்வேரே போட்டுக்கும்னா உங்க ரெண்டு பேருக்கும் நான் எதுக்குச் சம்பளம் கேட்டு வாங்கறேன்?"

எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, எந்தக் கூட்டம் என்று தெரியாதபடி புது எண் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து கோடு போடுவதாக முடிவானது. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைப்பதற்குக் கோணல் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். சில வாரங்களாக அதுதான் வேலை. இன்று கடைசிக் குதிரைகள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து சின்னவள் ஒரு ஃபைலைத் திறந்தாள்.

"கோணல், இங்க வாயேன். இடது பக்கக் குதிரையைப் பாரு. எலும்பும் தோலுமா இருக்கு."

"வலது?"

"அதுவும் அரைப் பட்டினிதான்."

கோணல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "படமே லேசா கலங்கியிருக்கே. ஆளு தலையை ஆட்டியிருக்காரு."

"கலங்கியிருந்தா என்ன? குதிரை தெளிவாத்தான் தெரியுது. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

"மறந்தவர்தான். சந்தேகமே வேணாம்."

"பாவம். சாவியை எங்க வெச்சோம்னு தேடறதுல ஆரம்பிச்சிருக்கும். வீட்டுல எல்லாரும் சேர்ந்து திட்டித் தீத்திருப்பாங்க. என்ன ஏதுன்னு பாக்கக்கூட ஆளு இருந்திருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தானே" என்றாள் சின்னவள். இளைத்த குதிரையைச் சுற்றி, இளைத்தபடியே, ஒழுங்காக ஒரு கோடு போட்டாள்.

மீதியையும் முடித்தார்கள். கோணல் புரோகிராமைத் திருப்பி ஓட்டினான். கலைந்து கிடந்த எண்களெல்லாம் பழைய எண்களாகி, அவரவர் ஃபோல்டருக்கு வரிசையாகப் போய் உட்கார்ந்தன. பழைய கோட்டின் மேல் புதுக் கோட்டை வைத்து, வித்தியாசம் இருக்கும் இடத்தில் சிவப்பு அடித்துக் காட்டும்படியும் எழுதியிருந்தான். பெரும்பாலும் அங்கங்கே ஒரு சிவப்புக் கீறல், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் தலை முதல் வால் வரை சிவந்து கிடந்தது. மத்தியானம் பார்த்த அதே குதிரை.

அது 'நல்லவர்' ஃபோல்டரில் இருந்தது.

"உன் புரோகிராம் தப்பு" என்றாள் சின்னவள்.

"நான் கோணலா எழுதுவேன். தப்பா எழுத மாட்டேன்." கோணல் கிட்டே வந்து பார்த்தான். "இரு, பழைய எண்ணைப் பெருசா காட்டறேன்."

எண் வந்தது.

அந்த எண் யாருடையது என்று சின்னவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் தெரியும். போன வருஷம் ஆரோக்கியமானவர்கள் ஃபோல்டருக்கு ஆள் போதவில்லை. தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அவள் அப்பாவைக் கூட்டிவந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தவர், ஸ்கேன் எடுப்பவரிடம், "இது எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேட்டு அந்த இடத்தையே சிரிக்கவைத்தார். உள்ளே போய்ப் படுத்ததும், இயந்திரம் டமடமவென்று அடித்த சத்தத்துக்குத் தாளம் போட்டுத் தலையை ஆட்டிவிட்டார். படம் கலங்கியது அதனால்தான். அப்பாவாயிற்றே என்று அன்றைக்கு எண்ணை எட்டிப் பார்த்தவள் அவளே.

அந்தப் படத்துக்குச் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த முதல் கோடும் இப்போது நினைவுக்கு வந்தது. மெலிந்த கோடு. இதே நாற்காலிதான். "அப்பா ஆட்டின ஆட்டத்துல சாஃப்ட்வேருக்கே தலை சுத்திடுச்சு" என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். இவர் ஆரோக்கியமானவர், நல்லவர் ஃபோல்டரில் இருக்கிறார், அதனால் கோடுதான் தப்பு என்று முடிவு செய்தாள். மவுஸைப் பிடித்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று, பொறுமையாகச் சதை வைத்தாள். மறந்தவர் ஃபோல்டரில் அதே மெலிவு வந்தபோதெல்லாம் அவள் மவுஸைத் தொட்டதே இல்லை. அங்கே அது இயல்பாக இருந்தது.

முடித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து ரசித்துப் பார்த்தாள். அவ்வளவு அழகாக இருந்தது.

போன வாரம் வீட்டு ஹாலில் நின்று அவள் சாட்சி சொன்னது அந்த அழகுக்குத்தான்.

"யாரு அது? தெரிஞ்சவங்களா?" என்றான் கோணல். அவன் குரலில் கிண்டல் இல்லை.

சின்னவள் எழுந்து புரொபசரம்மாவின் அறைக்குப் போனாள்.

*

"நல்லவர் பக்கம் எல்லாத்துலயும் நான் கொஞ்சம் கொஞ்சம் சதை வெச்சிருக்கேன் மேடம். ஒருத்தருக்கு மட்டும் நிறைய."

"அவர் யாருன்னு உனக்குத் தெரியக் கூடாதே."

"எங்கப்பா மேடம்."

புரொபசரம்மா தன் காபியை எடுத்து, அதன் மேல் படிந்திருந்த ஆடையைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்தார்.

"ஒரே ஒரு படத்தை வெச்சு நோய்னு சொல்லிட முடியாது. வயசாலயும் கொஞ்சம் இளைக்கும். நரம்பு டாக்டர் பேசிப் பாக்கணும், சோதிச்சுப் பாக்கணும். வீட்டுல எப்படி இருக்கார்?"

"ரெண்டு தடவை பல் தேய்க்கிறார்னு அண்ணி சொன்னாங்க. போன வாரம் குழந்தையை ஸ்கூல்ல மறந்துட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நானே பாத்திருக்கேன், ஒரு குறையும் இல்லைன்னு சொன்னேன்."

சின்னவள், கேட்டு ஒரு பயனும் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் கைவைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்?"

"அத்தனை பேர்ல இவர் ஒருத்தர் மட்டும் தனியாத் தெரிஞ்சிருப்பார். யாரு இது, என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டிருப்போம்." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஃபோல்டரை எப்படி வெச்சிருக்கீங்கன்னு நானும் ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும். ஒப்பீட்டை நிறுத்திடறேன். நரம்பு டாக்டர்கிட்ட நாளைக்கே நேரம் கேக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

போகும் பேருந்தில், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். 'அப்பா, ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்துப் பார்த்தாள். சின்ன விஷயம் இல்லையே. 'அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று பார்த்தாள். தப்பு தானாக நடந்து போகவில்லை. அவள்தான் மவுஸைப் பிடித்து நடத்தினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வரைக்கும் முதல் வரியே தேறவில்லை.

*

வாசலில் சாமான் வண்டி நின்றிருந்தது. பெட்டி, மடக்குக் கட்டில், மேசை விசிறி எல்லாம் ஏறியாகிவிட்டது. பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் நாற்காலியை வண்டியில் ஏற்றி, லிஃப்ட்டே தொங்கினாலும் அறாத மாதிரி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவரோடு பேசுவதுதான் இல்லை. வேலையில் குறை வைக்க மாட்டான்.

"அண்ணா, உள்ள வா. அண்ணி, நீங்களும் வாங்க."

சமையலறையில் வைத்துச் சொன்னாள். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. குதிரை, கோடு, சதை, சிவப்பு என்று தாறுமாறாக வந்தது. ஆனாலும் புரிந்துவிட்டது.

"அப்ப அவ்வளவு அழகா இருக்குன்னியே, அது?" என்றான் பெரியவன்.

"அது நான் வரைஞ்சதுண்ணா."

"நீ வரைஞ்சதா?"

"அப்பா நல்லா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டே வரைஞ்சேன். நல்லா இருக்கிற மாதிரி வந்துடுச்சு."

அண்ணி அடுப்பை அணைத்தாள். "மாமா ரெண்டு தடவை பல் தேய்க்கிறாருன்னு நான் சொன்னேன். அன்னிக்கு நீ சிரிச்சே. 'நீங்க பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறீங்க அண்ணி, பல்லுதான் கண்ணுல படும்'னே. சிரிப்பு வந்துச்சு, நானும் சிரிச்சுட்டேன்."

"அண்ணி..."

"உன்னைக் குத்திக்காட்டலை. கண்ணு முன்னாடி பாத்ததை விட்டுட்டு, நீ படத்துல பாத்ததை நானும் நம்பினேன். அதைச் சொல்றேன்."

பெரியவன் குழாயடியில் கை கழுவப் போனான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"அவர்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா உனக்கு?" என்றான், திரும்பாமல். "'சொந்தப் பேத்திமேல வஞ்சம் வெச்சிருக்கிற ஆளு நீங்க. நீங்க கிடையில விழுந்தாக்கூட அவளை உங்க பக்கத்துல விட மாட்டேன்'னு சொன்னேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். அவர் உள்ளேருந்து 'சரிப்பா'ன்னாரு."

"நாம போய்ச் சொல்லலாம்ணா. மூணு பேரும் சேர்ந்து போய்..."

"நீ சொல்லு. உன்கிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயமாவது இருக்கு. நான் போய் என்னன்னு சொல்லுவேன்?"

கையைத் துடைக்காமலே வெளியே போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவனுடைய போன் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "கட்டிக்கிட்டிருந்தவரு பாதியில போயிட்டாரே! நாற்காலி ஒரு பக்கம் தொங்குது. ஏத்தறதா இறக்கறதா?"

"கொஞ்சம் இருங்க" என்றாள் அண்ணி. "எங்களுக்கே தெரியலை."

*

காலியான அறையில் டைம்கீப்பர் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் கட்டில் சாய்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சின்னவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, என்மேல கோவமா?"

"உன்மேல என்னம்மா கோவம்? நீதானே எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவெச்சே."

"நானா?"

"அன்னிக்கு நான் நெஜமாவே மறந்துட்டேன்னுதான் நெனச்சேன். உக்காந்து யோசிச்சும் பாத்தேன். கொழந்தை நெனப்பே எனக்கு அப்ப வரலை. ஆனா மூளையில ஒரு குறையும் இல்லன்னு நீ சொன்னே. நீ படிச்சவ. கண்ணால பாத்தவ. அப்ப வேற என்ன இருக்க முடியும்?" அவர் குரலை இறக்கிக்கொண்டார். "வாய்விட்டுச் சொன்னேன்ல, ஆயாவான்னு. அடிமனசுல அந்த வன்மம் இருந்திருக்கு போல. மழையில நிக்கட்டும்னு விட்டிருக்கேன். எனக்கே தெரியாம இப்படி ஒருத்தன் எனக்குள்ள இருக்கான். அவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா கொழந்தை இருக்கிற வீட்டுல இருக்கறது?"

ஒரு வாரமாக இதைத்தான் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் சின்னவள்.

சொன்னாள். இந்த முறை தாறுமாறாக வரவில்லை. குதிரை எது, கோடு எது, தான் வைத்த சதை எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை. அவர் அழுதால் என்ன செய்வது, திட்டினால் எப்படி நின்று வாங்கிக்கொள்வது என்பதற்கெல்லாம் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. அதற்குத்தான் அவள் தயாராக இல்லை.

"அப்ப நான் வேணும்னு விடலையா?"

"இல்லப்பா."

"நெஜமாவே மறந்துதான் போனேனா?"

"நெஜமாத்தான்பா."

"அம்மாடி!" என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டார். கதவோரம் நின்றிருந்த அண்ணி உள்ளே வந்தாள். "கேட்டியா? நான் வேணும்னு செய்யலையாம். எனக்கு வியாதியாம்!" பரீட்சையில் பாஸான பையன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்தோஷம் அவர் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மற்றது மெல்ல வந்து சேர்ந்தது.

"அப்ப இனிமேலும் மறப்பேனா?"

"தெரியலப்பா. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்."

"போன வருஷமே காட்டியிருக்கலாம், இல்ல?"

சின்னவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சரி விடு. வண்டி போன பிறகு பேசி என்ன பண்ண?" என்றவர், அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன்" என்றார்.

வண்டிக்காரர் மறுபடியும் வாசலில் வந்து நின்றார். "ஐயா, சாமானை இறக்கிடட்டுமா?"

"இருப்பா. பெரியவன் வரட்டும். அவன் வாயால சொன்னாத்தான் இறக்கணும்." டைம்கீப்பர் எழுந்து ஜன்னலருகே போனார். தெருவில் பைக் எதுவும் வரவில்லை. "அவன் எங்க போனான்?"

யாருக்கும் தெரியவில்லை. உள் அறையிலிருந்து வாண்டு, "தாத்தா போறாரா, போகலையா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்பா" என்றாள் சின்னவள். "மறுபடி ஸ்கேன் எடுப்பாங்க."

"எடுக்கட்டும். இந்தத் தடவை தலையை ஆட்ட மாட்டேன்." ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே கேட்டார். "படத்தை யாரு பாப்பா?"

"பெரிய டாக்டர் பாப்பாருப்பா. நானும் கூட உக்காந்து..."

"நீ வேணாம்."

குரலில் கோபம் துளிகூட இல்லை. திரும்பி வந்து, மகளின் தலையில் கை வைத்தார்.

"யாரு வேணா பாக்கட்டும். நீ மட்டும் பாக்காதம்மா. உனக்கு நான் நல்லாத்தான் தெரிவேன்."